செல் பிரியும் அந்த ஒரு மணி நேரம்

நான் மருத்துவன் அல்ல. முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். மின்புலம் என்ற பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாடம் புற்றுநோய் வார்டு வரைக்கும் போயிருக்கிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இந்த நிமிஷம் உங்கள் மூளையில் இருக்கிற ஒரு நரம்புச் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சவ்வுக்கு உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கிறது. டார்ச் லைட் பேட்டரியில் 1.5 வோல்ட் என்று போட்டிருப்பான். அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ரொம்பக் குறைவு என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் எவ்வளவு? சுமார் 5 நானோமீட்டர். வோல்ட்டைத் தடிமனால் வகுத்தால் புலம் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட். காற்றில் மின்பொறி பறக்க சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போதும். அதைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட புலத்தைத் தாங்கிக்கொண்டுதான் நம் ஒவ்வொரு நரம்புச் செல்லும் உயிரோடு இருக்கிறது.

எதற்காக இதை முதலில் சொன்னேன் என்றால், உயிருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதில்லை. செல் பிறக்கும்போதே கூடப் பிறந்தது. அப்படியானால், வெளியிலிருந்து நாம் ஒரு புலத்தை வைத்து, கெட்ட செல்லை மட்டும் சாகடிக்க முடியுமா? நல்ல செல் பக்கத்திலேயே, அதே தண்ணீரில், அதே ரத்தத்தில் இருக்கும்போது? இந்தக் கேள்விக்கு இரண்டு வழியில் பதில் தேடியிருக்கிறார்கள். ஒன்று பலமான புலத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் கொடுப்பது. இன்னொன்று பலவீனமான புலத்தை மாதக்கணக்கில் கொடுப்பது. இரண்டும் வேறு வேறு தத்துவம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பலமான புலத்தை முதலில் பார்த்துவிடலாம். செல் என்பது உப்புத் தண்ணீரில் மிதக்கிற ஒரு எண்ணெய்ப் பை. பைக்கு உள்ளேயும் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். எண்ணெய்ப் படலம் கடத்தாது. அதனால் வெளியே ஒரு புலத்தை வைத்தால் அது உள்ளே நுழைய முடியாமல் சவ்வின் மேல் வந்து குவியும். எவ்வளவு குவியும் என்பதற்குக் கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிடலாம்: புலத்தை செல்லின் ஆரத்தால் பெருக்கி, இன்னும் ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஆரம் 10 மைக்ரோமீட்டர், அதாவது சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். புலம் சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட். விடை ஒன்றரை வோல்ட். நான் சொன்ன அதே டார்ச் பேட்டரி. 70 மில்லிவோல்ட்டுக்குப் பழகின சவ்வு ஒன்றரை வோல்ட்டைத் தாங்காது. பொத்தல் விழும்.

இப்படிப் பொத்தல் விழுவது கதை அல்ல. 1967-இல் இங்கிலாந்தில் சேல், ஹாமில்டன் என்ற இருவர், பலமான மின்துடிப்பு பாக்டீரியாவைக் கொல்கிறது, சூட்டினால் அல்ல என்று காட்டினார்கள். 1982-இல் எபர்ஹார்ட் நியூமன் குழுவினர் அதே பொத்தல் வழியாக எலியின் செல்லுக்குள் ஒரு மரபணுவையே அனுப்பிவைத்தார்கள். பொத்தல் சில நிமிஷத்தில் மூடிக்கொண்டது, செல் பிழைத்துக்கொண்டது. பாரிஸ் அருகே குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் நிலையத்தில் லூயி மீர் இதை மருத்துவமாக்கினார். பிளியோமைசின் என்று ஒரு மருந்து. செல்லுக்குள் போய்விட்டால் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஆனால் செல்லுக்குள் போகவே போகாது, வாசலிலேயே நிற்கும். மீர் வாசலைத் திறந்துவிட்டார். மருந்தைக் கொடுத்துவிட்டு, கட்டியின் இரு பக்கமும் மின்முனைகளை வைத்து எட்டுத் துடிப்பு. ஒவ்வொன்றும் 100 மைக்ரோ நொடி. 1991-இல் முதல் நோயாளிகளைப் பற்றிய செய்தி வெளிவந்தது. 2006-இல் ஐரோப்பாவின் நான்கு மருத்துவ நிலையங்கள் சேர்ந்து இதற்கு ஒரு பொது நடைமுறையை எழுதின. தோலிலும் தோலுக்கு அடியிலும் பரவின கட்டிகளுக்கு இன்று பல நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை.

புலத்தை இன்னும் கூட்டி, துடிப்பின் எண்ணிக்கையையும் கூட்டினால் பொத்தல் மூடவே மூடாது. மருந்தே வேண்டாம், செல் செத்துப்போகும். 2005-இல் டவாலோஸ், மீர், ரூபின்ஸ்கி மூவரும் இதை எழுதினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செல்லைக் கொல்கிறது, ஆனால் செல்களுக்கு இடையே இருக்கிற கொலாஜன் சட்டத்தை எரிப்பதில்லை. கணையத்தில் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு ஒரு கட்டி இருந்தால் கத்தி வைக்கப் பயப்படுவார்கள், சூடு வைக்கவும் பயப்படுவார்கள். அங்கே இந்தத் துடிப்பு உதவுகிறது. ஆனால் முழு மயக்கம் வேண்டும், தசையைத் தளர்த்த மருந்து வேண்டும், இதயத் துடிப்போடு ஒத்துப்போகிற மாதிரி நேரம் பார்த்து அடிக்க வேண்டும். இந்தப் பக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் இங்கே வந்தது இரண்டாவது வழியைப் பேசத்தான்.

அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். 1,000 வோல்ட்டுக்குப் பதிலாக 1 வோல்ட். சவ்வின் மேல் விழுவது ஒன்றரை மில்லிவோல்ட். செல்சவ்வுக்கு இது ஒரு கொசுக்கடிகூட இல்லை. பிறகு இந்தப் புலம் எப்படி ஒரு புற்றுநோய்ச் செல்லைத் தொந்தரவு செய்ய முடியும்?

என் தலைமுறை படித்த புத்தகங்களில் இதற்குப் பதில் 'முடியாது' என்பதுதான். நொடிக்கு ஆயிரம் அதிர்வுக்குக் கீழே இருந்தால் நரம்பும் தசையும் துடிக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது அடித்தால் கை இழுப்பது இதனால்தான். பல லட்சங்களைத் தாண்டி மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் திசு சூடாகும். நடுவில் இருக்கிற பட்டையில் ஒன்றும் நடக்காது. நரம்புக்கு அது மிக வேகம், சூடாக்க அது போதாது. 200 கிலோஹெர்ட்ஸில் புலம் 2.5 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை திசை மாறுகிறது. நரம்பு விழித்துக்கொள்வதற்குள் தள்ளின கை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் நடுப்பட்டை வெறும் பொட்டல் என்று நினைத்தார்கள்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் டெக்னியான் என்ற தொழில்நுட்ப நிறுவனம். அங்கே உடலியங்கியலும் உயிர் இயற்பியலும் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் யோராம் பால்டி. அவர்தான் அந்தப் பொட்டலில் போய்த் தோண்டியவர். அவருடைய யோசனையை இப்படிச் சொல்லலாம். அதிர்வெண் கூடக் கூட சவ்வு என்ற எண்ணெய்ப் படலம் தடுப்புச் சுவராக இருப்பதை விட்டுவிட்டு மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும், புலம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் செல்லின் உள்ளே புலம் இருக்கும். உள்ளே மின்தன்மை உள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் சில, செல் பிரியும்போது மட்டும், ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியவை. அந்த அணிவகுப்பைக் கலைத்தால்?

2004-இல் அவருடைய குழு முதல் முடிவுகளை வெளியிட்டது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள். சென்டிமீட்டருக்கு 1 முதல் 3 வோல்ட் வரை, 100 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரை. மின்முனைகளுக்கு மேல் காப்புறை போட்டிருந்தார்கள், அதனால் உலோகம் செல்களைத் தொடவில்லை. நுண்ணோக்கியில் கேமராவை வைத்துத் தொடர்ந்து படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் தெரிந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு செல் பிரிவதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் வரைந்திருப்பீர்கள். முதலில் செல் உருண்டு பந்து மாதிரி ஆகும். குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டும். இரண்டு முனைகளிலிருந்தும் நூல் நூலாக நுண்குழல்கள் வந்து அவற்றைப் பிடிக்கும். பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கும். பிறகு செல்லின் இடுப்பில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் ஆழமாக ஆழமாக, செல் உடுக்கை வடிவத்துக்கு வரும். இடுப்பு நூலாகி அறுந்தால் இரண்டு செல்கள். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும். புலத்துக்குள் இருந்த செல்கள் இந்த வேலையை முடிக்கச் சராசரியாக இரு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டன. சில மூன்று மணி நேரத்தையும் தாண்டின. இழுக்கும் நூல்கள் ஒழுங்காகக் கட்டப்படவில்லை. குரோமோசோம்கள் வரிசையிலிருந்து நழுவின. இடுப்பு ஒடுங்கி, இன்னும் கொஞ்சம் போனால் இரண்டாகிவிடும் என்ற கட்டத்தில், பிரிந்துகொண்டிருந்த செல்களில் சுமார் நாலில் ஒன்று வெடித்துச் சிதறியது. பிரியாமல் சும்மா இருந்த செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செல் ஏன் இடுப்பில் வெடித்தது? பந்து வடிவச் செல்லுக்குள் புலம் சீராக இருக்கும். சீரான புலத்தில், இப்படியும் அப்படியும் மாறும்போது, மூலக்கூறு ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பி ஆடும், எங்கேயும் நகராது. ஆனால் உடுக்கையின் இடுப்பில் புலக்கோடுகள் நெருங்கி வருகின்றன. அகலமான வாய்க்காலில் மெதுவாகப் போகும் தண்ணீர் குறுகின மதகில் வேகம் எடுக்கிற மாதிரி. அங்கே புலம் சீராக இல்லை. சீரில்லாத புலம், திசை எத்தனை முறை மாறினாலும், மூலக்கூறுகளை ஒரே பக்கமாக, புலம் வலுத்த இடம் நோக்கி இழுக்கும். உள்ளே இருப்பதெல்லாம் இடுப்பை நோக்கிக் குவியும். சவ்வு கொப்புளித்து உடையும். இதுவும், நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தைப் புலம் திருப்பிவிடுகிறது என்பதும்தான் பால்டி குழு கொடுத்த விளக்கம்.

இந்த விளக்கத்தை நான் அப்படியே ஏற்கிறேனா? இல்லை. வேறு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு வோல்ட் புலம் ஒரு டியூபுலினைத் திருப்பும் விசை, உடல் சூட்டில் மூலக்கூறுகள் இயல்பாகவே மோதிக்கொள்ளும் விசைக்கு முன்னால் மிகச் சின்னது. செப்டின் என்ற இன்னொரு புரதத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. அயனிகள் நுண்குழல் வழியே ஓடுவது பாதிக்கப்படுகிறது என்பவர்கள் உண்டு. பிரிவு கெட்டுப்போன செல்லில் டி.என்.ஏ. துணுக்குகள் வெளியே சிதறி, அவை உடம்பின் எதிர்ப்பு சக்தியை எழுப்புகின்றன என்று காட்டின சோதனைகளும் வந்திருக்கின்றன. செல் பிரிய முடியாமல் திணறுகிறது என்ற காட்சி உறுதியானது. பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஏன் திணறுகிறது என்பது இன்னும் தீராத வழக்கு. இங்கே இருக்கிற இயற்பியல் மாணவர்கள் யாராவது இந்த வழக்கை எடுத்து நடத்த வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இனி, இந்தக் காட்சியிலிருந்து மருத்துவத்துக்குப் போகும்போது இரண்டு விஷயங்கள் குறுக்கே வருகின்றன. இரண்டும் இயற்பியலே சொல்லிக்கொடுப்பவை.

ஒன்று திசை. செல் எந்தத் திசையில் பிரிகிறதோ, அந்தத் திசையில் புலம் இருந்தால்தான் பாதிப்பு அதிகம். செல்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு பிரிவதில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. அதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஜோடி மின்முனைகளை வைத்து, ஒரு நொடி இந்தப் பக்கம், ஒரு நொடி அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இரண்டு, நேரம். இதுதான் பெரிய சங்கடம். செல் பிரிகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் புலம் அதைப் பிடிக்க முடியும். எந்த ஒரு நேரத்தில் பார்த்தாலும் கட்டியில் பிரிந்துகொண்டிருக்கிற செல்கள் கொஞ்சம்தான். மற்றவை காத்திருக்கின்றன. ரேடியேஷன் மாதிரி பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு நாளைக்கு வா என்று அனுப்ப முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தில் பிரியாத செல் தப்பித்துவிடும். புலம் எப்போதும் இருக்க வேண்டும். தூங்கும்போது, சாப்பிடும்போது, கோயிலுக்குப் போகும்போது, எப்போதும். ஒரு நாளைக்குக் குறைந்தது 18 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள்.

முதலில் மூளையை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பது இப்போது புரியும். வளர்ந்த மனிதரின் மூளையில் நரம்புச் செல்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. பிரிகிறவை பெரும்பாலும் கட்டியின் செல்கள்தான். கட்டிகளிலேயே கொடியது கிளையோபிளாஸ்டோமா. வேர் மாதிரி மூளைக்குள் ஓடிவிடும், அறுவை செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முழுக்க எடுக்க முடியாது. 2005-இல் ரோஜர் ஸ்டப் என்பவர் தலைமையில் 573 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை முடிந்தது. ரேடியேஷன் மட்டும் என்றால் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். டெமோசோலமைடு என்ற மாத்திரையையும் சேர்த்தால் 14.6 மாதம். இரண்டரை மாதம் கூடியதை உலகமே கொண்டாடியது. இந்த நோயின் கொடுமையை அளந்துகொள்ள அதுவே போதும்.

இந்தக் கட்டிக்குப் புலத்தைக் கொடுக்கத் தலையில் மாட்டுகிற கருவியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். தலையை மழிக்க வேண்டும். ஒருமுறை அல்ல, தொடர்ந்து. வெள்ளை நிறத்தில் நான்கு ஒட்டுப்பட்டைகள், முன்னும் பின்னும் இரு பக்கமும். ஒவ்வொன்றிலும் ஒன்பது பீங்கான் வில்லைகள், சட்டைப் பொத்தானைவிடப் பெரியவை. ஆக 36. வில்லைக்கும் தோலுக்கும் நடுவே ஜெல். ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஒரு ஒயர் பின்கழுத்து வழியாக இறங்கி, தோளில் மாட்டின பைக்குள் போகும். பையில் கருவியும் பேட்டரியும், இப்போது வருவது ஒன்றேகால் கிலோவுக்குள். வில்லைகளில் சூட்டை அளக்கும் உணரிகள் உண்டு, தோல் சூடேறினால் புலம் தானே தணியும். மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை பட்டையை உரித்து, தலையைக் கழுவி, திரும்ப மழித்து, புதுசு ஒட்ட வேண்டும். முந்தின தடவை வில்லை இருந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம் நகர்த்தி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அதே இடத்தில் புண் ஆகும். இதைப் பெரும்பாலும் வீட்டில்தான் செய்கிறார்கள். மனைவி கணவனுக்கு, மகள் அம்மாவுக்கு. எந்த ஸ்கேன் படத்திலும் தெரியாத வேலை இது.

முதலில் பிராகா நகரத்தில் பத்துப் பேருக்கு வைத்துப் பார்த்தார்கள், அதை 2007-இல் எழுதினார்கள். பிறகு, ஒருமுறை சிகிச்சை முடிந்து கட்டி திரும்ப வந்த 237 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குக் கருவி மட்டும், பாதிப் பேருக்கு மருத்துவர் தேர்ந்தெடுத்த கீமோ. முடிவு 6.6 மாதம், 6.0 மாதம். கருவி வென்றுவிட்டது என்று சொல்ல முடியாத வித்தியாசம். ஆனால் கீமோவின் வாந்தியும் ரத்தக்குறைவும் இல்லாமல் அதே அளவுக்கு நின்றது என்ற அடிப்படையில் 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

பெரிய சோதனை அடுத்தது. புதிதாக நோய் கண்டு, அறுவையும் ரேடியேஷனும் முடிந்த 695 பேர். தலைமை அதே ரோஜர் ஸ்டப். 466 பேருக்கு மாத்திரையோடு கருவி, 229 பேருக்கு மாத்திரை மட்டும். முழு முடிவு 2017 டிசம்பரில் வந்தது. கருவி இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 20.9 மாதம். இல்லாதவர்களுக்கு 16.0. இடைநிலை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல் புரியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்திருக்கின்றன. எல்லோரையும் வாழ்ந்த காலத்தின் வரிசையில் நிற்க வைத்தால், நடுவில் நிற்கிறவரின் காலம் அது. பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் கெடு அது அல்ல. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், நூற்றுக்கு 13 பேர் ஒரு பக்கம், 5 பேர் மறுபக்கம். கருவி அணிந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலைத்தோலில் சிவப்பு, அரிப்பு, புண். மற்றபடி மாத்திரையின் பக்கவிளைவு கூடவில்லை.

இதை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள், இன்னமும் போடுகிறார்கள். சண்டையில் நியாயம் இருக்கிறது. மாத்திரைச் சோதனையில் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடுவார்கள், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இங்கே அப்படிப் போலிக் கருவி எதையும் வைக்கவில்லை. அணிந்தவருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும். கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வருவதால் கவனிப்பும் கூடியிருக்கலாம். சோதனையில் சேர்வதற்கு முன்பே நோய் முற்றினவர்கள் சேர்க்கப்படவில்லை. இன்னொன்று: அணிந்த நேரம் கூடக் கூட ஆயுளும் கூடியது என்று பிறகு ஒரு கணக்கு வந்தது. நாளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அணிந்தவர்களில் ஐந்து வருஷத்தைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 29 பேர் என்றது அது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உடம்பு தெம்பாக இருப்பவர்தான் 22 மணி நேரம் அணிய முடியும். தெம்பாக இருந்ததால் வாழ்ந்தாரா, அணிந்ததால் வாழ்ந்தாரா என்பதை அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது.

ஆனாலும் நான் என் தீர்ப்பைச் சொல்லாமல் நழுவக் கூடாது. நம்பிக்கை மட்டும் ஒருவருடைய மூளைக்கட்டியை ஐந்து மாதம் நிறுத்திவைத்ததாக நான் எங்கேயும் படித்ததில்லை. தட்டில் பார்த்தது, எலியில் பார்த்தது, மனிதரில் பார்த்தது மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. புலம் வேலை செய்கிறது. குணப்படுத்தவில்லை, வேலை செய்கிறது.

மற்றப் புற்றுநோய்களுக்கு வேகமாகப் போய்விடுகிறேன். அதிர்வெண் செல்லின் வகைக்குத் தக்கபடி மாறும். மூளைக் கட்டிக்கு 200 கிலோஹெர்ட்ஸ், நுரையீரலுக்கு 150. நுரையீரல் புற்றுநோயில் 276 பேரை வைத்த சோதனையில் 9.9 மாதம் 13.2 ஆனது. அதற்கு அமெரிக்க அனுமதி 2024-இல் கிடைத்தது. கணையத்தில் 571 பேர், 14.2 மாதம் 16.2 ஆனது. அதைவிட முக்கியமாக, வலி கூடாமல் இருந்த காலம் 9.1 மாதத்திலிருந்து 15.2 மாதமாக நீண்டது. கணையப் புற்றுநோயின் வலியைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தின் அர்த்தம் தெரியும். சினைப்பைப் புற்றுநோயில் தோற்றது. 11.9 மாதம், 12.2 மாதம், வித்தியாசமே இல்லை. தோற்றதையும் வெளியே சொன்னதால்தான் ஜெயித்ததை நம்ப முடிகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. நம் ஊர்களில் காந்தப் படுக்கை விற்கிறார்கள், காந்த வளையல் விற்கிறார்கள், உடம்பில் மின்சாரம் பாய்ச்சிக் கட்டியைக் கரைக்கிறோம் என்று திண்ணையில் பலகை மாட்டுகிறார்கள். கேட்டால் வெளிநாட்டிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பார்கள். அவர்கள் காட்டுவது இந்த ஆராய்ச்சியைத்தான். தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: புலம் எத்தனை வோல்ட், எந்த அதிர்வெண், எந்தத் திசை, எத்தனை மணி நேரம், எத்தனை பேரிடம் சோதித்தார்கள். இந்த ஐந்துக்கும் எண்ணில் பதில் சொல்லாதவர் உங்கள் வீட்டுப் பணத்தையும், அதைவிடப் பெரிதாக, நோயாளியின் முதல் மூன்று மாதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். அந்த மூன்று மாதம் திரும்பி வராது.

விலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கருவிக்குப் பட்டியல் விலை மாதம் 21,000 டாலர். நம் பணத்தில் பதினேழு லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரு மாதத்துக்கு. பணக்கார நாடான இங்கிலாந்தே, கிடைக்கும் பலனுக்கு இந்த விலை தகாது என்று 2018-இல் தன் அரசு மருத்துவ வழிகாட்டியில் எழுதியது. பீங்கான் வில்லையும் ஜெல்லும் ஒரு அலைவுக் கருவியும்தான் உள்ளே இருக்கின்றன. இதைக் குறைந்த விலையில் செய்ய முடியாது என்று ஒரு இயற்பியல் ஆசிரியனாக என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என்னிடம் படித்த ஒருவர், பெயர் வேண்டாம், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய ஸ்கேன் கவர். அம்மாவுக்கு அதே கிளையோபிளாஸ்டோமா. அறுவை முடிந்திருந்தது. "நெட்டில பார்த்தேன் சார். தொப்பி மாதிரி ஒண்ணு. கரண்ட்டுல வேலை செய்யுதாம். நீங்க சொன்னா நான் நம்புவேன்" என்றார். எனக்கு அன்று அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு நாள் டைம் கேட்டு, படித்துவிட்டு, நானே அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு தாளில் 20.9 என்றும் 16.0 என்றும் எழுதி, பக்கத்தில் விலையையும் எழுதினேன். அவர் விலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விலையைக் கேட்கவில்லை. மாதக் கணக்கையும் கேட்கவில்லை. "அத மாட்டிக்கிட்டா ராத்திரி ஒரு பக்கமா சாஞ்சு படுக்க முடியுமா தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. தெரியவில்லையம்மா, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். முடியும், ஆனால் வில்லை அழுத்துகிற பக்கம் சூடேறும், அடிக்கடி புரண்டு படுக்க வேண்டும், தலையணையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று தெரிந்தது. போனில் சொன்னேன். "அப்ப வேணாம்பா, தூக்கமாச்சும் இருக்கட்டும்" என்றார். மாத்திரையை மட்டும் தவறாமல் எடுத்துக்கொண்டார். பதினான்கு மாதம் இருந்தார். கடைசி ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை வரை நடந்தே போய்வந்ததாக மகன் சொன்னார்.